3000 சொல் பட்டியலைப் படித்தும் வாய் திறந்தால் வராதது ஏன்?

மியான்மரின் (பர்மாவின்) யாங்கோனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். இன்னும் இரண்டு மாதத்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேரப் போகிறார். இணையத்தில் கிடைத்த 3000 அன்றாட ஆங்கிலச் சொற்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, தினம் 50 என்று இரண்டு வாரத்தில் 700 சொல்லை மனப்பாடம் செய்திருக்கிறார். ஆனாலும் யாராவது ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் வாய் அடைத்துப்போகிறது என்கிறார். மார்க்கெட்டில் கைலிக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கும் நாலு வார்த்தை சொல்லித்தர வேண்டும், வெளிநாட்டில் படிக்க நினைக்கும் தம்பிக்கும் வழி காட்ட வேண்டும், மூவருக்கும் எந்தப் பட்டியல் நல்லது என்று முடித்திருக்கிறார். கேட்டது பட்டியலைப் பற்றி. ஆனால் மனசை அரிப்பது, படித்த சொல் வேண்டிய நேரத்தில் ஏன் வரவில்லை என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பட்டியலைத் தேர்ந்தெடுப்பது சின்ன வேலை.

ஒரு சொல்லைப் பார்த்ததும் பொருள் புரிவது ஒரு வேலை. பொருள் மனசில் எழுந்ததும் அதற்கான சொல் நாக்கில் வந்து நிற்பது வேறு வேலை. ஒன்றைப் பழகினால் மற்றது தானாக வந்துவிடாது. பட்டியலில் இடப்பக்கம் 'டவல்', வலப்பக்கம் துண்டு என்று இருக்கும். 'டவல்' என்று படிக்கிறீர்கள், துண்டு என்று தெரிகிறது, அடுத்த சொல்லுக்குப் போகிறீர்கள். ஆனால் வரவேற்பு மேசையில் நடப்பது தலைகீழ். அறைக்கு இன்னொரு துண்டு அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மனசில் தமிழிலோ பர்மியத்திலோ துண்டு என்றுதான் முதலில் எழும். அங்கிருந்து 'டவல்' வர இரண்டு நொடிக்கு மேல் ஆனால் எதிரே நிற்பவர் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும் பயிற்சிதான் உங்களுக்கு வேண்டும். அதிலும் தனிச்சொல்லாக வேண்டாம். 'ஐ வில் செண்ட் அனதர் டவல்' என்று வாக்கியத்தோடு, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுக்க முயல்வது அதிகம் நிற்கும். இதில் சந்தேகமே வேண்டாம், பலமுறை சோதித்து உறுதியான விஷயம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 100 சொற்களே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏறத்தாழ பாதியை நிரப்பிவிடும். முதல் 2000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்தால் அச்சில் வருவதில் சுமார் 80 சதவீதம் பிடிபடும், பேச்சில் இன்னும் கூடுதலாகவே பிடிபடும். இப்படி எண்ணிப் பார்த்துப் பட்டியல் போட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். நம் பர்மாவும் 1937 வரை அதே பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம்தான். அவர் 1953-இல் வெளியிட்ட, சுமார் 2000 தலைச்சொற்கள் கொண்ட பட்டியலின் சாயல் இன்றைக்கும் பல பாடநூல்களில் இருக்கிறது. மட்டங்களைப் பொறுத்தவரை, ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகளைத்தான் இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் படிகள், ஒருவர் மொழியை வைத்து என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்பவை. இத்தனை சொல் தெரிந்தால் இந்தப் படி என்று அவை கணக்குப் போடவில்லை. ஏ1-க்கு 500, ஏ2-க்கு 1000, பி1-க்கு 2000 என்றெல்லாம் பார்க்கும் எண்கள் பின்னால் வந்தவர்கள் போட்ட மதிப்பீடு. ஆளுக்கு ஆள் மாறும். வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை நினைத்துப் பயப்படாதீர்கள்.

பட்டியலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதற்கு யாங்கோன் தெரியாது. விருந்தாளி டாலர் நோட்டை நீட்டுவார். மடிப்பு விழுந்த, ஓரம் கிழிந்த, கறை படிந்த நோட்டை இங்கே வாங்க மாட்டார்கள் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. அதை அவர் மனம் கோணாமல் சொல்ல 'ஃபோல்டட்', 'டோர்ன்', 'ஸ்டெய்ன்' என்ற மூன்று சொல் வேண்டும், புத்தம்புது நோட்டைக் குறிக்கும் 'க்ரிஸ்ப்' வேண்டும். எந்தத் தொடக்கநிலைப் பட்டியலிலும் இவற்றைத் தேட வேண்டாம். ஷ்வேடகோன் பகோடாவுக்குக் கிளம்புகிறவரிடம் செருப்பு மட்டுமில்லை, காலுறையையும் கழற்ற வேண்டும், முழங்கால் மறைய உடுத்த வேண்டும் என்று சொல்ல 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ் அண்ட் சாக்ஸ்', 'கவர் யுவர் நீஸ்' என்ற இரண்டும் வேண்டும். மின்சாரம் போனால் 'பவர் கட்', 'த ஜெனரேட்டர் வில் ஸ்டார்ட் சூன்' என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆக, பொதுப் பட்டியலிலிருந்து பாதி, உங்கள் நாளிலிருந்து பாதி எடுங்கள். வேலைக்குச் சேரும் முன்பே அந்த விடுதியில் அரைமணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு தாள் எந்தப் பட்டியலையும்விட உதவும்.

அம்மாவை முதலில் முடித்துவிடுவோம், அவருக்கு வேண்டியது கொஞ்சம்தான். 100 சொல்லும் 20 வாக்கியமும் போதும். எழுத்து, இலக்கணம் எதுவும் வேண்டாம், காதும் வாயும் போதும். நிறங்கள் ஒரு எட்டு, 'காட்டன்', 'சில்க்', 'ஹேண்ட்மேட்', 'பிக்கர்', 'ஸ்மாலர்', 'அனதர் கலர்' எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயம் போகாது என்பதற்கு 'த கலர் டஸிண்ட் ரன்' என்று சொல்ல வேண்டும். ஓடு என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று அம்மா கேட்பார். துவைத்த தண்ணீரில் சாயம் கரைந்து ஓடுவதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறக்காது. கெஜக் கணக்கில் சொன்னால் பல நாட்டவருக்குப் புரியாது. ஒரு 'யார்ட்' 91 சென்டிமீட்டர், மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு என்று காட்டக் கையில் அளவு நாடா இருந்தால் போதும். பக்கத்துக் கடையில் எடைக் கணக்கு வந்தால் ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. ஆங்கில அகராதிகளில் 'விஸ்' என்று இருக்கும் அந்தச் சொல் நம் வீசைதான். சுருட்டு 'செரூட்' ஆனதுபோல, கறி 'கரி' ஆனதுபோல, நம்மிடமிருந்து போனது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், ஆங்கிலத்தின் மேல் இருக்கும் கூச்சம் கொஞ்சம் குறையும்.

அம்மாவுக்கு இருக்கும் ஒரே கடினம் எண்கள். அதில் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது, 'தர்ட்டீன்' என்பதும் 'தர்ட்டி' என்பதும், 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் ஒன்றுபோலக் கேட்பது. 13-இல் கடைசிப் பகுதியை இழுத்து அழுத்த வேண்டும். 30-இல் முதல் பகுதியை அழுத்திக் கடைசியைச் சட்டென விட்டுவிட வேண்டும். சந்தேகம் வந்தால் 'ஒன் த்ரீ' என்றோ 'த்ரீ ஜீரோ' என்றோ இலக்கமாகச் சொல்லிக் கால்குலேட்டரைக் காட்டலாம். இரண்டாவது குழி பெரிய தொகை. பர்மியத்தில் பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, தமிழிலும் லட்சம் இருக்கிறது. ஆங்கிலத்திலோ ஆயிரத்தைத் தாண்டினால் அடுத்த புதுப் பெயர் மில்லியன்தான். 15,000 சாட் (மியான்மர் பணம்) என்றால் பர்மியத்தில் ஒரு பத்தாயிரமும் ஐந்தாயிரமும் என்று எண்ணிப் பழகிய மனசு, ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன் தௌசண்ட்' என்று மாற்றுவதற்குள் தடுமாறும். லட்சம் 'ஹண்ட்ரட் தௌசண்ட்', பத்து லட்சம் 'ஒன் மில்லியன்'. கடையில் இருக்கும் உண்மையான விலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, தினம் காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணைச் சொற்பட்டியலாகப் படிப்பதில் பலன் இல்லை. அவருக்கு வேண்டியது அவர் விலைகள் மட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் படித்ததை வைத்துப் பார்த்தால், படிக்கையில் பி1 அளவுக்குப் புரியும், பேசும்போது ஏ2-க்குக் கீழே நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேசிக் கேட்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. நினைப்பது சரி என்றால் நீங்கள் புதுச் சொல் தேடி ஓட வேண்டியதே இல்லை. ஏற்கெனவே தெரிந்த 'டேக்', 'கெட்', 'புட்', 'கிவ்', 'மேக்', 'கீப்', 'லெட்', 'டர்ன்', 'ரன்' போன்ற சின்னச் சொற்களை வேலை வாங்கத் தெரிய வேண்டும். 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் 850 சொற்களை மட்டும் வைத்து ஓர் எளிய ஆங்கிலம் அமைத்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. அத்தனை குறைவான வினைகளை வைத்து அவ்வளவு பேச முடிகிறது என்பதுதான் அதில் கற்க வேண்டியது. பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், 'கேன்', 'வாண்ட்' போன்ற அன்றாடச் சொற்கள் அதில் கிடையாது.

'டேக்' என்ற ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பள்ளியில் எடு என்று படித்திருப்பீர்கள். படம் எடுப்பதும் ஓய்வு எடுப்பதும் தமிழோடு ஒத்துப்போகும்: 'டேக் எ போட்டோ', 'டேக் எ ரெஸ்ட்'. அதோடு ஒற்றுமை முடிந்தது. மருந்து தமிழில் சாப்பிடுகிறோம், பர்மியத்தில் குடிக்கிறோம், ஆங்கிலத்தில் 'டேக் மெடிசின்'. விருந்தாளியிடம் 'ஈட் மெடிசின்' என்றால் புரிந்துகொள்வார், ஆனால் ஒரு கணம் யோசிப்பார். பஸ்ஸில் போவது 'டேக் எ பஸ்'. விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பது 'இட் டேக்ஸ் அன் அவர்'. இந்த ஆகும் என்ற இடத்தில்தான் நம்மவர் பலர் 'இட் இஸ் ஒன் அவர் கமிங்' என்று சுற்றி வளைப்பார்கள். கழற்றுவது 'டேக் ஆஃப்', குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது 'டேக் அவுட்'. இந்த ஏழெட்டும் வந்துவிட்டால் மருத்துவம், பயணம், நேரம், உடை என்று நான்கு இடங்களில் பேச்சு ஓடும். புதிதாக ஒரு சொல்கூடப் படிக்கவில்லை, பாருங்கள்.

விளக்கைப் போடு என்பதற்குத் தமிழில் போடு, பர்மியத்தில் திற. இரண்டையும் மனசில் வைத்திருக்கும் பிள்ளைகள் 'ஓப்பன் த லைட்' என்பார்கள். சரியானது 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்'. விளக்கு, ஏசி, விசிறி, டிவி, தண்ணீர்க் குழாய் அனைத்துக்கும் இதுவே. உணவைக் கட்டிக்கொடுப்பதற்குத் தமிழிலும் பார்சல், பர்மியத்திலும் பார்சல். அதனால் ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம். ஆங்கிலேயருக்குப் 'பார்சல்' தபாலில் வரும் பொட்டலம். அவர்களுக்கு 'டேக் அவே', அமெரிக்கருக்கு 'டு கோ'. 'ஹேண்ட்போன்' சிங்கப்பூர், மலேசியாவில் செல்லும், லண்டன்காரருக்கு 'மொபைல்', அமெரிக்கருக்கு 'செல்போன்'. ஹோட்டல் என்று நாம் சாப்பாட்டுக் கடையைச் சொல்வோம், அவர்களுக்கு அது தங்கும் இடம் மட்டும். பக்கத்தில் நல்ல ஹோட்டல் இருக்கிறது என்று சாப்பிடப் போகிறவரிடம் ஆங்கிலத்தில் சொன்னால், நம் விடுதியை விட்டுப் போகச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட தெரிந்த சொற்கள்தான் தெரியாத சொற்களைவிட அதிகம் ஏமாற்றும். ஏனென்றால் அகராதியைத் திறந்து பார்க்கவே தோன்றாது.

மேசையில் நிற்கும் உங்களுக்கு மிக அவசரமானது ஆமாம், இல்லை இரண்டும்தான். 'யூ டோன்ட் ஹேவ் எ ரூம்?' என்று ஒருவர் கேட்கிறார், அறை இல்லை. தமிழில் ஆமாம், இல்லை என்போம். பர்மியத்திலும் நீங்கள் சொன்னது சரி என்ற பொருளில் ஆமாம் போடுவார்கள். இரு மொழியும் ஒரே பக்கம் தள்ளுவதால் 'யெஸ்' என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் அது அறை இருக்கிறது என்ற பொருள் தரும், அவர் பெட்டியை இறக்கி வைத்துவிடுவார். கேள்வி எந்த வடிவில் வந்தாலும் பார்க்காதீர்கள். அறை இருந்தால் 'யெஸ், வீ டூ', இல்லாவிட்டால் 'நோ, வீ டோன்ட்'. எப்போதும் அந்தச் சின்ன வாலைச் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள், தவறினாலும் வால் காப்பாற்றிவிடும்.

மரியாதைக்கும் ஒரு வார்த்தை. தமிழில் வாங்க, உட்காருங்க என்று விகுதியிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில வினையில் அது கிடையாது. அதனால் நாம் எவ்வளவு பணிவாக நினைத்துச் சொன்னாலும் 'கிவ் பாஸ்போர்ட்' என்பது அதட்டலாகக் காதில் விழும். 'குட் ஐ சீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?' என்று கேள்வியாகத் திருப்புவதுதான் அவர்கள் போடும் ங்க. மறுக்க வேண்டிவந்தால் 'ஐம் அஃப்ரெய்ட்' என்று தொடங்குவார்கள், பயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரியாததைக் கேட்டால் 'லெட் மீ செக்' என்று சொல்லிவிட்டு யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டாச்சா என்று நாமும் பர்மியரும் அன்பாக விசாரிப்பதை ஆங்கிலத்தில் கேட்டால், விருந்துக்கு அழைக்கிறீர்களோ என்று அவர் குழம்புவார். அங்கே 'டிட் யூ ஸ்லீப் வெல்?' பொருத்தம்.

ஒலியில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மொழி பேசும் பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பழக்கம் உண்டு. பர்மிய வாய்க்கு 'ர' கடினம், அதனால்தான் ரங்கூன் யாங்கோனாக ஒலிக்கிறது. 'வ'வும் வராது, வீடியோ 'பிடியோ' ஆகும். தமிழ் வாய்க்கு இவை இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. மறுபக்கம், 'திங்க்', 'தேங்க்யூ' என்பவற்றின் முதல் ஒலியில் தமிழர் 'த' ஒலியைப் போட்டுவிடுவார்கள். பர்மியத்தில் அவர் என்றும் போ என்றும் சொல்லும்போது நாக்கு நுனி பல்லோடு உரசும் அந்த முதல் ஒலியே ஆங்கிலத்துக்கு மிக நெருக்கம். பேட், பெட்டில் வரும் மென்மையான 'ப'வும், பென், பேப்பரில் வரும் வன்மையான 'ப'வும் பர்மியத்தில் தனித்தனி, தமிழ் எழுத்தில் ஒன்று. ஆகவே 'ர', 'வ' இரண்டையும் தமிழிலிருந்தும், 'திங்க்' ஒலியையும் இரண்டு 'ப'க்களையும் பர்மியத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃப' மட்டும் இரண்டிலும் இல்லை, மேற்பல்லைக் கீழுதட்டில் தொட்டுக் காற்றை விட வேண்டும்.

கெடுப்பது சொல்லின் கடைசி. 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் பர்மிய வாயில் கடைசி மெய் விழுங்கப்பட்டு ஒன்றாகிவிடும். தமிழ் வாயோ அதற்கு நேர்மாறாக உகரத்தை ஒட்டி லைட்டு, பஸ்ஸு என்று நீட்டும். சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைப் பர்மிய எழுத்தில் மட்டும் எழுதி வைப்பவர்கள் கடைசி ஒலியை இழக்கிறார்கள். தமிழில் மட்டும் எழுதுபவர்களுக்குப் 'பிக்', 'பிக்', 'பிக்' என்று பன்றியும் பெரியதும் பொறுக்குவதும் ஒரே எழுத்தாகிவிடும். முடிந்தவரை எழுதாமல் காதால் கேட்டுப் பழகுவதே மேல். எழுதியே ஆக வேண்டும் என்றால் சொல்லின் தொடக்கத்தைப் பர்மிய எழுத்திலும் முடிவைப் புள்ளி வைத்த தமிழ் மெய்யாலும் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், வேலை செய்யும்.

இனி படிக்கும் முறை. தடித்த அட்டையைத் தீப்பெட்டி அளவுக்கு இரண்டு மடங்காக வெட்டிக்கொள்ளுங்கள், பழைய நாட்காட்டி அட்டை போதும். முன்பக்கத்தில் சொல்லை எழுதாதீர்கள், நிலைமையை எழுதுங்கள். உதாரணமாக: பத்தாயிரம் சாட் நோட்டை நீட்டுகிறார், உங்களிடம் சில்லறை இல்லை. பின்பக்கத்தில்: 'சாரி, ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்'. அதே 'சேஞ்ச்' இன்னொரு அட்டையில்: அறையை மாற்றிக் கேட்கிறார், 'வீ கேன் சேஞ்ச் யுவர் ரூம்'. மூன்றாவதில்: படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும், 'வீ வில் சேஞ்ச் த ஷீட்ஸ்'. ஒரு சொல்லுக்கு மூன்று அட்டை என்பது வீண் வேலை போலத் தோன்றும். சில்லறையும் மாற்றுவதும் ஒரே சொல்தான் என்று மனசு தானே கண்டுபிடிக்கும் கணத்தில்தான் அந்தச் சொல் உங்களுடையதாகிறது. தமிழ் எழுத்து வேகமாக வராவிட்டால் முன்பக்கத்தைப் பர்மியத்திலேயே எழுதுங்கள். மேசையில் நிற்கும்போது எந்த மொழியில் நினைப்பீர்களோ அந்த மொழிதான் வேண்டும்.

ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். இது செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை. புது அட்டைகள் முதல் அறையில். அதை தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் அறைக்குப் போகும், அது 2 நாளுக்கு ஒருமுறை. அடுத்தது 4 நாள், பிறகு 8 நாள், கடைசி அறை 16 நாள். எங்கே தடுமாறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பும். சரி என்றால் பின்பக்கம் பார்க்காமல், வாய்விட்டு, மூன்று நொடிக்குள் முழு வாக்கியமும் வந்திருக்க வேண்டும். மனசுக்குள் தெரிந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைப்பேசியிலும் இதே முறையில் செயலிகள் உண்டு. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அட்டைப் பெட்டிக்குச் சார்ஜ் தேவையில்லை என்பதால் அதைச் சொல்கிறேன்.

தினம் 50 வேண்டாம், 6 போதும். மறதியில் பெரும்பங்கு முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதித்துக் காட்டினார். அவர் படித்தது பொருளில்லாத அசைகளை. பொருளுள்ள சொல் அவ்வளவு வேகமாக மறக்காது, ஆனாலும் போக்கு அதேதான். 50 புதுச் சொல் என்றால் நாளைக்கு அந்த 50-ஐயும் மறுபடி பார்க்க வேண்டும், அடுத்த 50-உம் வந்து நிற்கும், ஒரு வாரத்தில் மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 6 அட்டை, 8 வாரத்தில் 240 வாக்கியம். வரவேற்பு மேசையில் முதல் மாதத்தைத் தாண்ட அது தாராளம்.

ஒரே நாளில் எதிர்ச்சொற்களைச் சேர்த்துப் படிப்பது நல்லதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 'பாரோ' கடன் வாங்குவது, 'லெண்ட்' கடன் கொடுப்பது என்பதுபோலப் பொருளில் நெருங்கிய சொற்களை ஒன்றாகப் படித்தவர்கள் குழம்புவதை 1990-களின் சில சோதனைகள் காட்டின. பிறகு வந்த சில, அவ்வளவு பாதிப்பு இல்லை என்றன. என் பரிந்துரை: முதலில் ஒன்று மட்டும், அது மூன்றாம் அறைக்குப் போனபிறகு மற்றது. 'குட் ஐ பாரோ எ பென்?' நன்றாக ஊறிய பிறகு 'லெண்ட்' வந்தால் இடறாது. ஒரு சொல்லை எத்தனை முறை சந்தித்தால் பதியும் என்பதற்கும் 6-லிருந்து 20 வரை ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், பெட்டியே பார்த்துக்கொள்ளும்.

வேலையில் மூன்று மாதம் ஆனதும் அடுத்த படிக்கு ஏறலாம். அங்கே சொற்குடும்பம் உதவும்: 'புக்' தெரிந்தால் 'புக்கிங்', 'ரீபுக்', 'ஃபுல்லி புக்ட்' எல்லாம் கூடவே வரும். சொல்லின் கூட்டாளிகளையும் அப்போது கவனியுங்கள். கனமழை 'ஹெவி ரெய்ன்', கடுங்காற்று 'ஸ்ட்ராங் விண்ட்'. இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் தப்பில்லை, காதுக்குத்தான் உறுத்தும். இந்தக் கட்டத்தில் தமிழ் அர்த்தம் போட்ட அகராதியை விட்டு, கற்போருக்கென்று எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதிக்கு மாறுங்கள். அவற்றில் சில சுமார் 2000 சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருளையும் சொல்லிவிடும்.

தம்பியின் பாதை வேறு. அவர் படிக்கவும் எழுதவும் போகிறார், துண்டும் சில்லறையும் அவருக்கு அவசரமில்லை. பொதுவான 2000 முதலில் உறுதியாகட்டும். அதற்கு மேல், நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பாடநூல்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தை அவையே நிரப்புகின்றன. 'அனலைஸ்', 'எவிடன்ஸ்', 'சிக்னிஃபிகண்ட்' போன்றவை. அந்த 2000 வரும் முன்னால் இந்த 570-க்குத் தாவினால், 'சிக்னிஃபிகண்ட்' எழுதத் தெரியும், அதற்கு முன்னும் பின்னும் வர வேண்டிய சின்னச் சொல் தெரியாது. நாவலோ செய்தித்தாளோ அகராதி இல்லாமல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது பல வருட வாசிப்பில் சேர்வது. இப்போதே அந்த எண்ணைக் காட்டி அவரை மிரட்ட வேண்டாம்.

கடைசியாக உங்கள் 3000 சொல் பட்டியல். தூக்கிப் போடாதீர்கள், படித்த 700-ஐ மட்டும் ஒரு மாலையில் வலப்பக்கத்திலிருந்து சோதியுங்கள். இடப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, அர்த்தத்தைப் பார்த்து ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். உடனே வந்ததற்கு ஒரு புள்ளி, யோசித்து வந்ததற்கு ஒரு கோடு, வராததற்கு எதுவும் வேண்டாம். புள்ளி வைத்தவற்றை இனித் தொட வேண்டாம். கோடு போட்டவற்றில், வரும் இரண்டு மாதத்தில் அந்த மேசையில் வாய்விட்டுச் சொல்லப் போவது எது என்று கேட்டு 30 எடுங்கள். முதல் வார அட்டைகள் அவைதான்.